வீடு ஒன்றே முக்கால் கோடி, பென்ஷன் 2,740 ரூபாய்

மாதக் கடைசியில் என் வீட்டுக்காரர் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வரும். 2,740 ரூபாய் வரவு. கிண்டித் தொழிற்பேட்டையில் 34 வருடம் லேத் முன்னால் நின்றதற்கு மாதாமாதம் வரும் மரியாதை அது. போனை என்னிடம் நீட்டி, "இந்தா, உன் ராஜாங்கத்துக்குக் கப்பம் வந்தாச்சு" என்பார். நானும் சிரித்துவிட்டு மளிகைச் சீட்டைப் பார்க்கப் போய்விடுவேன்.

போன வருஷம் அப்படிக் கப்பம் வந்த மறுநாள் வாசலில் ஒரு புரோக்கர் வந்து நின்றார். கேட்டைத் திறக்காமலே கண்ணால் மனையை அளந்தார். "முழு கிரவுண்டுங்களா சார்? கிழக்குப் பார்த்தது. மெட்ரோ வேலை வேற நடக்குது. ஒன்றே முக்கால் கோடிக்குக் குறையாது. யோசிங்க." கார்டை கேட் கம்பியில் செருகிவிட்டுப் போனார். இவர் அந்தக் கார்டை எடுத்து, குடை மாட்டும் ஆணியில் குத்தி வைத்தார். கிழித்துப் போடவும் இல்லை, பேசவும் இல்லை.

எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்றே முக்கால் கோடி ரூபாய்க்குச் சொந்தக்காரர்கள் நாங்கள். அன்று காலைதான் மருந்துக்கடையில் முப்பது நாள் மாத்திரையை இருபது நாளுக்கு மட்டும் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்திருந்தேன்.

எங்கள் கணக்கை ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் 1987-ல் 48 ஆயிரத்துக்கு வாங்கிய மனை. அப்போது இங்கே பஸ்ஸை விட்டு இறங்கினால் ஏரிக்கரை ஓரமாக நடந்து வரவேண்டும். மழைக்காலத்தில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வோம். மனைக்குப் போன பணத்தில் என் தாலிச் சங்கிலியைத் தவிர்த்த மற்ற நகையெல்லாம் இருக்கிறது. 1991-ல் கீழ்வீடு. 2006-ல், மகன் கல்யாணம் ஆகி இங்கேயே இருப்பான் என்று மாடியில் ஒரு சின்ன வீடு. அவன் புனேயில் இருக்கிறான். மாடியில் வாடகைக்கு ஆள், 11,000 ரூபாய். இவர் 2016-ல் ரிடையர் ஆனபோது வந்த பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் மகள் கல்யாணத்துக்கும் இவர் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட்டுக்கும் போக மிச்சம் 11 லட்சம். அது தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இருக்கிறது. 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,550 வரும். எல்லாம் கூட்டினால் மாதம் 21,000 ரூபாயும் கொஞ்சமும். செலவோ, கோடையில் தண்ணீர் லாரி, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் எல்லாம் சேர்த்து 34,000. நடுவில் இருக்கிற பள்ளத்தை மகன் அனுப்பும் பணம் நிரப்பியது. அவனுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து, ஃபிளாட் லோனும் ஏறியபிறகு அந்தப் பணம் ஒரு மாதம் வரும், ஒரு மாதம் வராது. கேட்டால் அனுப்புவான். கேட்கத்தான் வாய் வராது.

அதனால் வீட்டிலிருந்து பணம் எடுப்பது எப்படி என்று ஒரு வருஷம் அலைந்தேன். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். ஆனால் வீட்டுக் கணக்கு நோட்டு 1984-லிருந்து என் கையில் இருக்கிறது.

முதலில் வந்தது ஜாயிண்ட் வென்ச்சர். இந்தப் பக்கத்தில் பழைய தனி வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை காட்டப்படும். இடத்தை புரமோட்டரிடம் கொடுத்துவிட வேண்டியது; அவர் இடித்துவிட்டுக் கீழே கார் நிறுத்த விட்டு, மேலே ஆறு ஃபிளாட் கட்டுவார்; மூன்று நமக்கு, மூன்று அவருக்கு. ஒன்றில் நாம் இருந்துகொண்டு இரண்டை வாடகைக்கு விட்டால் முப்பதாயிரம் வரும். பேப்பரில் போட்டுப் பார்த்தால் இதைவிட லாபமான கணக்கு கிடையாது. ஒரு பைசா கடன் இல்லை, வயசான கட்டடத்துக்குப் பதில் புதுக் கட்டடம், லிஃப்ட் வேறு.

ஆனால் அடுத்த தெருவில் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர் இருக்கிறார். அவர் இடத்தில் வேலை இரண்டாவது தளத்தோடு நின்றுவிட்டது. அவர் குடிபோன வீட்டுக்குப் புரமோட்டர் கட்டிக்கொண்டிருந்த வாடகை பதினாலாவது மாதத்தோடு நின்றது. சாயங்காலம் நடக்கப் போகும்போது பார்ப்பேன்: ஹெட்மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தன் வீட்டு வாசல் இருந்த இடத்தில் நின்று தூண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். லிஃப்ட் குழியில் மழைத்தண்ணீர் நின்று தவளை கத்தும். பவர் பத்திரம் எழுதிக் கொடுத்தாகிவிட்டது, பாதி ஃபிளாட்டை வெளியாட்களுக்கு விற்றும் ஆகிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறதே என்று நான் கேட்டேன். அவர்தான் விளக்கினார்: மனை 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கவேண்டும், அல்லது வீடுகள் எட்டைத் தாண்டவேண்டும், அப்போதுதான் அங்கே பதிவு செய்வது கட்டாயம். ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, 223 சதுர மீட்டர். நம் மாதிரி ஒற்றைக் கிரவுண்டுக்காரர்கள் அந்த வலைக்குக் கீழே நழுவிப் போகிற மீன்கள்.

எல்லா புரமோட்டரும் அப்படி என்று சொல்லமாட்டேன். இதே தெருவில் பதினெட்டு மாதத்தில் சாவி வாங்கியவர்களும் உண்டு. இவருக்கு 67, எனக்கு 63. இரண்டு வருடம் வாடகை வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்திருந்து பார்க்கும் சூதாட்டம் இந்த வயசில் எங்களுக்கு வேண்டாம் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அடுத்தது ரிவர்ஸ் மார்ட்கேஜ். பத்திரிகைக்காரர்கள் தலைகீழ் அடமானம் என்று எழுதுகிறார்கள். பெயர்தான் பயமுறுத்துகிறதே தவிர விஷயம் எளிது. வீட்டுக் கடனில் நாம் வங்கிக்கு மாதாமாதம் கட்டுவோம், வீடு மெல்ல நம்முடையதாகும். இதில் வங்கி நமக்கு மாதாமாதம் கட்டும், வீடு மெல்ல அவர்களுடையதாகும். 2007-08 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் அறிவித்தது. தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறை போட்டது. கணவனுக்கோ மனைவிக்கோ அறுபது ஆகியிருக்கவேண்டும், இன்னொருவருக்கு ஐம்பத்தைந்தாவது இருக்கவேண்டும். சுய சம்பாத்தியத்தில் வந்த வீடாக, நாமே குடியிருக்கும் வீடாக இருக்கவேண்டும். வாங்குகிற பணம் வருமானம் இல்லை, கடன். அதனால் வருமான வரி கிடையாது. நாம் இருக்கும் வரை திருப்பிக் கட்டவேண்டாம். இருவரும் போன பிறகு பிள்ளைகள் கடனை அடைத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வேண்டாமென்றால் வங்கி விற்றுக்கொள்ளும். விற்றது போதவில்லை என்றாலும் பிள்ளைகள் கையிலிருந்து கேட்க முடியாது. மிஞ்சினால் பிள்ளைகளுக்குத் தந்துவிடவேண்டும்.

கேட்கும்போது பால் பாயசம் மாதிரி இருக்கிறதா? எனக்கும் இருந்தது. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், பட்டா, இ.சி. என்கிற வில்லங்கச் சான்று, பிளான், வரி ரசீது எல்லாவற்றையும் கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பையன் நல்ல பையன். "லோன் எகென்ஸ்ட் ப்ராப்பர்டியா ஆன்ட்டி?" என்றான். இல்லப்பா, ரிவர்ஸ் என்றேன். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். இந்தக் கிளையில் அவன் வந்தபிறகு யாரும் கேட்டதில்லையாம். திட்டம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது!

பத்து நாள் கழித்து மதிப்பீட்டாளர் வந்தார். டேப் பிடித்து அளந்தார். சன்ஷேடின் அடியில் விரல் முட்டியால் தட்டினார். பொத்தென்று ஒரு கையளவு காரை என் துளசி மாடத்தின் மேல் விழுந்தது. இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "34 வருஷக் கட்டடம் சார். இன்னும் இருபது வருஷம் தாங்கும்னு நான் எழுதணும்" என்றார் மதிப்பீட்டாளர். விதி அப்படி: கட்டடத்துக்கு இன்னும் இருபது வருட ஆயுசு இருக்கவேண்டும். எங்கள் ஆயுசை யாரும் தட்டிப் பார்க்கவில்லை. காபி குடித்துவிட்டு, இருபது வருஷம் தாங்கும் என்றே எழுதிக்கொடுத்தார். விலைதான் ஒன்றரைக் கோடிக்கு இறங்கிவிட்டது.

கடைசியில் வந்த எண்ணில்தான் பாயசம் திரிந்தது. ஒன்றரைக் கோடி வீட்டுக்கு 67 வயதில் பாதி, அதாவது 75 லட்சம். நான் நினைத்தது, அந்த 75 லட்சத்தை 15 வருடத்தால் வகுத்து மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல் வரும் என்று. அப்படி இல்லை. வட்டியும் அந்த 75-க்குள்ளேதான் ஏறி உட்காரவேண்டும். பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது மாதம் சுமார் 18,100. பதினைந்து வருடத்தில் நாம் வாங்கியிருப்பது முப்பத்திரண்டரை லட்சம்; கடனாக நிற்பது 75 லட்சம். இருபது வருடத்துக்கு நீட்டினால் மாதம் பத்தாயிரம்கூட இல்லை. வட்டி குட்டி போடும் வேகம் அப்படி.

அதற்குமேல் ஒன்று. பதினைந்து வருடம் முடிந்ததும் பணம் நின்றுவிடும். வீட்டிலிருந்து யாரும் எழுப்பமாட்டார்கள், சாகும்வரை இருக்கலாம். ஆனால் அப்போது இவருக்கு 82. கீழே விழுந்து இடுப்பு ஒடிகிற வயசு, ராத்திரி ஆள் வைக்கிற வயசு. பணம் அதிகம் தேவைப்படும் நாளில் குழாய் மூடிக்கொள்ளும். காப்பீட்டு நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டு ஆயுள் முழுக்கக் கொடுக்கிற வகை ஒன்றும் உண்டாம். அதை எந்தக் கிளையிலும் எனக்கு எடுத்துச் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டியது: தொடர்ந்து ஒரு வருடம் வீட்டில் இல்லையென்றால், நிரந்தரமாகக் காலி செய்துவிட்டதாகக் கணக்கு. கடனைத் திருப்பிக் கேட்கலாம்.

இவ்வளவும் சொன்னபிறகும் இந்தத் திட்டத்தை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளை இல்லாதவர்கள், மாடியோ தனி அறையோ வாடகைக்கு விட வழியில்லாதவர்கள், எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது வரம். வயசு ஏற ஏறக் கொடுக்கும் தொகையும் ஏறும். அறுபதிலேயே போய் நிற்பதுதான் நஷ்டம்.

அந்தப் பையன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். "பத்திரத்துல உங்க பேரும் இருக்கா ஆன்ட்டி?"

இல்லை. 1987-ல் யார் பெண்டாட்டி பெயரையும் சேர்த்துப் பதிந்தார்கள்? நகை என்னுடையது, கையெழுத்து அவருடையது. "அப்ப உங்களையும் கடன்ல சேர்த்துத்தான் போடணும். இல்லேன்னா சாருக்கு அப்புறம் உங்களுக்குத்தான் கஷ்டம்" என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். நான் பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பில் இறங்கவேண்டிய ஸ்டாப்பைக்கூட விட்டுவிட்டேன்.

வக்கீல் குமாஸ்தா ஒருவரைத் தெரியும், அவரிடம் கேட்டேன். இவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால் வீடு மூன்று சம பங்கு: எனக்கு, மகனுக்கு, மகளுக்கு. என் மாமியார் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. நியாயமான சட்டம்தான். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? நாளைக்கு நான் இந்த வீட்டை விற்கவேண்டும் என்றாலும், அடமானம் வைக்கவேண்டும் என்றாலும் வாரிசுச் சான்றிதழ் எடுத்து, புனேயிலிருந்து ஒரு கையெழுத்து, திருச்சியிலிருந்து ஒரு கையெழுத்து வாங்கவேண்டும். என் பிள்ளைகள் போடுவார்கள். மருமகள், மாப்பிள்ளை, அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என்று ஒவ்வொருவராக யோசிக்க ஆரம்பித்தால்?

வீட்டுக்கு வந்து உயில் பேச்சை எடுத்தேன். புருஷனிடம் உயில் எழுதச் சொல்வது எவ்வளவு கூசும் என்பது சொன்னவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒரு மாதிரி வெந்தயம் ஊறப்போட்டுக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கோடு போட்ட தாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினார். ஆபீஸ் லீவ் லெட்டர் எழுதுகிற கையெழுத்து. "எனது காலத்திற்குப் பின் மேற்படி வீட்டை எனது மனைவி அவளது ஆயுட்காலம் வரை அனுபவித்து வரவேண்டியது. அவள் காலத்திற்குப் பின் எனது மகனும் மகளும் சரிபாதியாக அடையவேண்டியது."

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"என்ன, இதுவும் பத்தலையா?"

"அனுபவிக்கலாம்னு எழுதியிருக்கீங்க. விக்கலாம்னு எழுதலையே. அடமானம் வைக்கலாம்னு எழுதலையே."

"நீ எதுக்கு விக்கப் போற?"

"உங்களுக்கு ஸ்டென்ட் வச்சப்போ எதை உடைச்சோம்? டெபாசிட்டை. எனக்கு ஒண்ணு வந்தா நான் எதை உடைக்கறது? சுவத்தையா?"

"உனக்கு எம்மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்குங்க. உங்களுக்கப்புறம் யார் மேல வைக்கறதுன்னுதான் கேக்கறேன்."

ஆயுட்காலம் அனுபவிக்கும் உரிமை என்பது நல்ல மனசோடு எழுதுகிற வார்த்தை. நம் வீடுகளில் எத்தனை உயிலில் அது இருக்கிறது! பெண்டாட்டி தெருவில் நிற்கக்கூடாது என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதை எழுதிய நிமிஷமே அந்த வீடு அவளுக்குக் கூரை மட்டும்தான், பணம் கிடையாது. ஒன்றே முக்கால் கோடிக்குள் உட்கார்ந்துகொண்டு மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளும் கிழவிகளை எனக்குத் தெரியும். அவர்கள் எல்லாரும் கௌரவமாக அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஒரு வாரம் இழுத்தது. கடைசியில் "சர்வ சுதந்திர பாத்தியதையுடன்" என்று எழுதினார். விற்கவும், அடமானம் வைக்கவும், யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கவும். தெருமுனை டாக்டரும் பேப்பர் ஏஜென்டும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். உயிலைப் பதியவேண்டும் என்று கட்டாயமில்லை, முத்திரைத்தாளும் வேண்டாம். ஆனாலும் சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போய்ப் பதிந்துவிட்டே வந்தோம். திரும்பி வரும்போது இவர் எனக்குக் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார். சண்டைக்கு அப்புறம் அவருக்குத் தெரிந்த ஒரே சமாதானம் அது.

இதற்கு நடுவில் உறவுக்காரர்கள் எல்லாரும் சொன்ன ஒரு வழி உண்டு. "எதுக்கு அலையறே? பையன் பேருல செட்டில்மென்ட் எழுதி வச்சுடு. அவன் பாத்துப்பான்." இதற்கு மட்டும் நான் யோசிக்கவே இல்லை. கும்பகோணத்தில் என் சித்தி ஒருத்தி அப்படி எழுதி வைத்தாள். "பேனாவைக் கையில குடுத்தான், போட்டேன். கண்ணாடிகூடக் கொண்டு போகலைடி" என்றாள் என்னிடம். ஒன்றரை வருஷத்தில் சமையல் தனியாயிற்று, அப்புறம் ரூம் மாறியது, அப்புறம் ஊரே மாறியது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள். மூத்த குடிமக்களுக்கான 2007-ம் வருடச் சட்டத்தின் 23-ம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு போட்டிருக்கிறார்கள். என்னைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் கொடுத்து, வாங்கியவர் பராமரிக்கவில்லை என்றால் அந்தப் பத்திரத்தையே செல்லாது என்று அறிவிக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. சித்தி பத்திரத்தில் நிபந்தனை என்று ஒரு வரி இல்லை. எல்லாப் பத்திரத்திலும் எழுதுவதுபோல "அன்பின் காரணமாக" என்று இருக்கிறது. நிபந்தனை இருக்கவேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவரின் வழக்கில் அதே நீதிமன்றம் கொஞ்சம் தாராளமாகப் பார்த்து, தானப் பத்திரத்தை ரத்து செய்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்த அம்மாவிடம் பிள்ளை எழுதிக்கொடுத்த உறுதிமொழித் தாள் ஒன்று இருந்தது. சித்தியிடம் இருப்பது வாய்தாத் தேதி எழுதிய சீட்டு.

லீஸ், தெற்கே ஒத்தி என்பார்களே, அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு லட்சம் வாங்கிக்கொண்டு மூன்று வருடம் வாடகை இல்லாமல் விடவேண்டும். மூன்று வருடம் கழித்து அந்த எட்டு லட்சம் கையில் இருக்கவேண்டுமே! அவசர ஆபரேஷனுக்குச் சரி, மளிகைக்கு ஆகாது. கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு ஒன்றைப் போய்ப் பார்த்தோம். சுத்தமான இடம், நல்ல சாம்பார். எல்லாரும் எங்களைப் போலவே இருந்தார்கள். அதுதான் இவருக்குப் பிடிக்கவில்லை. "குழந்தை அழற சத்தமே கேக்கலையே" என்றார் ரயிலில்.

மிச்சம் இருந்தது விற்றுவிட்டுச் சின்னதாக வாங்குவது. பச்சையான கணக்கில் இதுதான் ஜெயிக்கிறது, மறைக்கவேண்டாம். திருச்சியில் மகள் வீட்டுப் பக்கம் ஐம்பத்தைந்து லட்சத்துக்கு நல்ல ஃபிளாட் கிடைக்கும். மீதியில், இப்போது இருக்கும் 11 லட்சத்தையும் கணக்கில் சேர்த்து, இரண்டு பேர் பெயரிலும் தபால் ஆபீஸ் திட்டத்தின் உச்சவரம்பான முப்பது முப்பது லட்சம் நிற்கும்படி போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆளுக்கு 61,500. மாதத்துக்கு 41,000. அதற்கு மேலும் பணம் மிஞ்சும். லாபத்துக்கு வரி உண்டு: பழைய வீடானதால் 2001 ஏப்ரல் மதிப்பை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம், 2024 ஜூலைக்கு முன் வாங்கியது என்பதால், பணவீக்கச் சரிக்கட்டு (விலைவாசி ஏறிய அளவுக்கு வாங்கிய விலையையும் ஏற்றிக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம் அல்லது சரிக்கட்டோடு 20 சதவீதம், எது குறைவோ அது. புது வீட்டில் போடுகிற லாபத்துக்கு வரி இல்லை. அரசு குறிப்பிட்டிருக்கும் பொதுத்துறை நிறுவனப் பத்திரங்களில் ஐம்பது லட்சம் வரை ஐந்து வருடம் பூட்டி வைத்தால் அதற்கும் இல்லை. ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெளிவாகிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இருவரையும் வீடியோ காலில் கூப்பிட்டேன். இவரும் பக்கத்தில் உட்கார்ந்தார், சட்டை போட்டுக்கொண்டு. நான் எல்லா எண்ணையும் நோட்டிலிருந்து படித்தேன். படித்து முடிப்பதற்குள் மகன் சொன்னான்: "வித்துடுங்கம்மா. நான் எங்க மடிப்பாக்கம் வரப் போறேன்?" மகள், "இதுக்கா இத்தனை யோசனை? திருச்சிக்கு வந்துடுங்க" என்றாள். இரண்டு பேரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஐந்து நிமிஷத்தில் பேச்சு பேரன் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. இவர் முகம்தான் விழுந்துவிட்டது. சண்டை வரும், பங்கு கேட்பார்கள், விட்டுக்கொடுக்கமாட்டார்கள் என்றெல்லாம் முப்பது வருடமாகப் பயந்துகொண்டிருந்தவர். யாருக்கும் வேண்டாம் என்று ஆகும் என்று அவர் நினைக்கவே இல்லை. பதினெட்டு உறை இறக்கிய கிணறு, இவரே சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்த வாசற்கால், இந்த இடம் மாநகராட்சியில் சேரும் முன்பே வாங்கிய குடிநீர் இணைப்பு. "மோட்டார் போடணும்" என்று எழுந்து போனார். மணி பதினொன்று. மோட்டார் காலை ஐந்தரைக்கே போட்டாகிவிட்டது.

கணக்கு ஜெயித்தாலும் அந்த முகத்தைப் பார்த்தபிறகு விற்க எனக்கு மனசு வரவில்லை. இது முட்டாள்தனம் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். மாதம் இருபதாயிரம் கூடுதலாக வந்திருக்கும். ஆனால் அவர் திருச்சி ஃபிளாட் பால்கனியில் உட்கார்ந்து என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதனால் அரைக்கிணறு தாண்டினோம். கீழ்வீட்டில் தெற்குப் பக்க இரண்டு அறையையும் பின் தாழ்வாரத்தையும் பிரித்தோம். தாழ்வாரம் சமையலறையாயிற்று. பக்கச் சந்து வழியாகத் தனி வாசல். ஹாலிலிருந்து போகும் கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தார்கள்; பூசிய இடம் மட்டும் இன்னும் நிறம் ஒட்டாமல் தெரிகிறது. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆயிற்று. கையில் பெரிய பணம் இல்லை. என்னிடம் இருந்த இரண்டு வளையலும் மகன் அனுப்பிய ஒரு லட்சமும். போர்ஷனுக்கு வாடகை 9,500. சென்னை வழக்கப்படி பத்து மாத அட்வான்ஸ் கேட்கச் சொன்னார் புரோக்கர். வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. 28,500 மட்டும் வாங்கி, ஒப்பந்தத்தையும் முறையாகப் பதிந்தோம். இப்போது வரவு முப்பதாயிரத்து எழுநூறு சொச்சம். பள்ளம் மூன்றாயிரமாகச் சுருங்கிவிட்டது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் 2030 என்று எழுதி வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அப்போது இவருக்கு 72. மாடிப்படியும் லாரித் தண்ணீரும் ஆகாத நிலை வந்தால் அன்றைக்கு விற்கத்தான் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, பக்கத்தில் இவர் இனிஷியலும் போட்டிருக்கிறார். புரோக்கர் கார்டு அதே ஆணியில்தான் இருக்கிறது.

தை பிறந்ததும் போர்ஷனுக்கு ஒரு சின்னக் குடும்பம் வந்தது. பெண் ஐ.டி. கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட். பையனுக்கு மூன்று வயசு. நாள் முழுக்கச் சந்தில் மூன்று சக்கர சைக்கிள் ஓடுகிறது. இவர் முதல் வாரம், சுவரில் ஆணி அடிக்காதே, பைப்பை இறுக்கி மூடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு இவர் எழுந்து மோட்டார் போடப் போனார். கிணற்றடியில் ஏற்கெனவே சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த அந்தப் பெண் பையைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தாள். "தூங்கட்டும்னு நானே போட்டுட்டேன் அங்கிள். தொட்டி நிரம்பினா நானே நிறுத்திடறேன்" என்றாள். இவர் என்ன சொல்வாரோ என்று நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். ஸ்விட்சையும் அவளையும் பார்த்தார். "தொட்டி வழியறதுக்குள்ள நிறுத்திடணும்மா, பழைய மோட்டார்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து மறுபடியும் படுத்துக்கொண்டார்.